மீட்டாரா, மீட்டினாரா?

அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் ஒழுங்காக வேலை பார்த்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓர் எழுத்து தப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் மாட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வேலையைப் பார்த்துத்தான் சாத்தூரில் எனக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "எழுத்துப் பிழையால ஒரு லோடு திரும்பி வந்துச்சுன்னா, அதே லாரியில நீங்களும் ஏறிக்கிடலாம்."

கலைமகளின் வீணை

விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் சரஸ்வதி படம் போட்ட காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். படத்துக்குக் கீழே 'வீணையை மீட்ட கலைமகள் துணை' என்று போடவேண்டுமாம். அவரே எழுதிய வரி. எனக்குக் கை சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, வீணைய வாசிச்சா 'மீட்டிய'ன்னு வரணும். 'மீட்ட'ன்னா கைவிட்டுப் போனதத் திரும்பக் கொண்டாந்ததுன்னு அர்த்தம். சரஸ்வதி வீணைய அடகு வச்சுத் திருப்புன மாதிரில்ல ஆயிரும்!" என்றேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மாற்றச் சம்மதித்துவிட்டு, போகும்போது சொன்னார்: "வச்சா என்ன தம்பி? சீசன் வார வரைக்கும் எங்க வீட்டுச் சாமானெல்லாம் அடகுக் கடையிலதான் இருக்கு."

சத்தம் போட்ட நிலம்

இந்தத் திருத்தம் அச்சகம் முழுக்கப் பரவியது, ஆனால் பாதிதான் பரவியது. 'மீட்டு' என்பது அடகுக் கடை வார்த்தை, 'மீட்டி' என்பது கௌரவமான வார்த்தை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வழக்கில் வென்ற ஒரு கிராமத்து விவசாயி பொங்கல் வைக்க ஊரை அழைத்து நோட்டீஸ் அடிக்க வந்தார். எழுத்துக் கோக்கிற மாடசாமி, 'பறிபோன நிலத்தை மீட்டி' என்று கோத்து வைத்திருந்தார். நல்லவேளை, புரூஃபில் பிடித்தேன்.

"நிலத்த வீணை மாதிரி தடவி வாசிச்சீகன்னு வந்திருக்கும்" என்று விளக்கினேன். விவசாயி சொன்னார்: "அத எங்க வக்கீலு ரொம்ப வருசமாப் பண்ணுனாக. சத்தம் மட்டும்தான் வந்துச்சு."

நான் இல்லாத நாள்

மச்சினன் கல்யாணத்துக்குச் சாத்தூர் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கிறிஸ்தவ சபையின் காலண்டர் மிஷினேறியிருக்கிறது. உபதேசியார் எழுதிக் கொடுத்தது 'கர்த்தர் நம்மை மீட்டார்'. அப்பழுக்கில்லாத தமிழ். முதலாளியே கடைசி புரூஃபைப் பார்த்து, 'மீட்டினார்' என்று திருத்தியிருக்கிறார்.

திரும்பி வந்து பார்த்தபோது லோடு போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். "'மீட்டார்'னா அடகுக் கடைன்னு நீங்கதான சொன்னீக? சாமி காரியத்துல அப்பிடிப் போடலாமா?" என்றார் முதலாளி. விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் லோடு திரும்பினால் லாரியில் ஏறப் போவது யார் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை. மாமனாரிடம் என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேட ஆரம்பித்தேன். பிழையில்லாத வாக்கியம் ஒன்றுகூட அகப்படவில்லை.

அந்த வாரமே உபதேசியார் வந்துவிட்டார், கையில் சுருட்டிய காலண்டரோடு. "இந்த வார்த்தைய மாத்துனது யாரு?" என்றார். முதலாளி சட்டென்று என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்றேன். உபதேசியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க பாடகர் குழு வாத்தியார் இத வாசிச்சிட்டு அழுதுட்டாருங்க. நாமெல்லாம் சும்மா கெடந்த தந்திக, கர்த்தரு விரல் பட்டுத்தான் சத்தமே வந்துச்சுன்னாரு. அடுத்த வருசமும் இதையே போடுங்க. ஒரு எழுத்தக்கூடத் திருத்திராதீக!"

ஆக, என் வேலையை மீட்டது நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்த புரூஃபுகளில் எதுவும் அல்ல, பார்க்காமல் விட்ட அந்த ஒரே ஒரு புரூஃப்தான்.