கடைமடைக்காரரோடு பேச்சிப்பாறை பார்த்த நாள்

நம் பக்கத்தில் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போவதென்றால் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு. 'சும்மா பார்க்க' என்று கிளம்புவது, பஸ்கள் பெருகிய இந்த நாலைந்து வருஷத்தில் வந்த பழக்கம். கன்னியாகுமரியில் கடலில் கால்கூட நனைக்காமல், சூரியனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை இப்போது காண்கிறேன். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதனால்தான் 1953 தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, பேச்சிப்பாறை அணைக்குப் புறப்பட்டேன். நான் கொட்டாரத்தில் பள்ளிக்கூட வாத்தியார்.

தனியாகப் போகத்தான் நினைத்தேன். எதிர்வீட்டு சிவதாணு அண்ணாச்சி குடையோடு வந்து நின்று, "சாரே, நானும் வருகேன். எனக்கு அங்க ஒரு சோலி உண்டு" என்றார்.

அண்ணாச்சியின் வயல், பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. கதிர் வருகிற நேரத்தில் தண்ணீர் நூலாக மெலிந்துவிட்டது. அவருக்கு மேல்வயல்காரர் சுசீந்திரத்தில் இருக்கும் தங்கை புருஷன். மச்சினன்தான் தண்ணீரை மறிக்கிறார் என்று அண்ணாச்சி முடிவுகட்டிப் பேச்சை நிறுத்திவிட்டார். தங்கைக்கு வருஷம் தவறாமல் கொடுக்கும் பொங்கல்படிகூட இந்த வருஷம் போகவில்லை. அணை அதிகாரியிடம் மச்சினன்மேல் நேரில் பிராது சொல்வதுதான் அந்தச் சோலி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இயற்கைக் காட்சி பார்க்கப் போகிறவனுக்கு வழக்காளியா துணை?

கொட்டாரத்தில் காலை 5.50க்கு பஸ். 6.30க்கு நாகர்கோவில். அங்கிருந்து ஏழு மணி பஸ்ஸில் தக்கலை வழியாகக் குலசேகரம். ஏறக்குறைய இருபது மைல், டிக்கெட் பதினைந்து அணா. வலப்பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும். நான் மலையைப் பார்த்தேன். அண்ணாச்சி ஒவ்வொரு பாலத்திலும் எட்டி எட்டிக் கால்வாயைப் பார்த்தார். எங்கும் பாதிகூட நிறையவில்லை. அவர் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

குலசேகரத்திலிருந்து அணைக்கு ஏழு மைல். ஆறு பேர் சேர்ந்தால் வாடகைக் கார் போக வர ஆறு ரூபாய்க்குக் கிடைக்கும். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்தால் ஆள் சேருவது எளிது.

"அணையில பாக்க என்ன சார் இருக்கு? வெறும் வெள்ளம்" என்றார் டிரைவர்; அந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். "ஆனாலும் ஞாயித்துக்கிழமை ஆனா எங்க காரு ஒண்ணும் சும்மா கெடக்காது!"

ரப்பர் தோட்டங்களின் நிழல் முடிந்ததும் சட்டென்று நீர் விரிந்தது. சுற்றிலும் காடு, நடுவில் பச்சை நீர். என்னை மறந்து நின்றேன். அண்ணாச்சி மட்டும் நீரைப் பார்க்காமல் அணைச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நீர்க்கறை மேலே இருந்தது. தண்ணீரோ அதற்கு இருபதடி கீழே கிடந்தது.

காவலாளி அருகில் வந்தார். "துலாவருசம், ஐப்பசி மழ, இந்தத் தடவ பெய்யல்லல்லா, அண்ணாச்சி. இருக்கத வச்சு அறுப்பு வர ஓட்டணும். அதான் கொஞ்சமாத் தெறந்து விடுகோம். நீங்க என்ன விசயமா வந்தீங்க?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல. சும்மா பாக்க வந்தோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மறிக்கதுக்குத் தண்ணி வேணும்லா, சாரே? ஒரு மாசமா அந்தப் பிள்ள எம்புட்டு அழுதிருப்பா!" தங்கையைச் சொல்கிறார். கண் கலங்கியிருந்தது. காலையில் அவர்மேல் எரிச்சல்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

திரும்பும் வழியில் குலசேகரம் சந்தையில் அண்ணாச்சி ஒரு மட்டி வாழைக்குலை வாங்கினார். நாலு மணி பஸ்ஸில் கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். மடியைவிட்டு இறக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. நாகர்கோவிலில் பஸ் மாறி ஆறரைக்கு சுசீந்திரம் வந்ததும், கொட்டாரத்துக்கு எடுத்த டிக்கெட்டை மறந்து எழுந்துவிட்டார்.

"சாரே, பொங்கல் கழிஞ்சு கொண்டு போனா வாங்குவாளா?" என்று படியில் நின்று கேட்டார். வாங்குவாள் என்றேன். எனக்கென்ன தெரியும்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்; அணையில் கடை கிடையாது. மாலை நாலு மணி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். இத்தனை நாள் நாம் இந்தத் தண்ணீரில்தான் சோறு உண்டோம், அது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒரே பகலில் பார்த்துத் திரும்ப முடிவதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம்தான் அண்ணாச்சி ஊர் திரும்பினார். தங்கை குலையை வாங்கிக்கொண்டாளாம். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்துப் பாய்ச்சினால் இரண்டு வயலிலும் பாதியாவது தேறும் என்றார்.

"அடுத்த தடவ மச்சினனையும் கூட்டிட்டுப் போவணும், சாரே. ஆளில்லாத நேரம் பாத்து அவன் மடைய நான் தெறந்து என் வயலுக்குத் தண்ணி விடுகேன்னு அவனும் ஒரு மாசமா நெனச்சிட்டு இருந்திருக்கான்!"