ஆரஞ்சு ஜெல்லும் ஒரு அதிகப்பிரசங்கிக் கேள்வியும்

போன வாரம் ஒரு ஆபீசரிடம் போய் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

என் மகள் பிரியா ஒரு சீருடை வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டாள். மிச்சம் நடைத் தேர்வுதான். நாலு மணி நேரத்துக்குள் பதினாறு கிலோமீட்டர் நடக்கணும். நடந்தால் வேலை. நடுவில் உட்கார்ந்தால்... ரெண்டு வருஷப் படிப்பு வீண்.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், கோமுகி அணைப் பக்கமிருந்து கல்வராயன் மலை ரோட்டில் முதல் பயிற்சிக்குப் போகிற வரைக்கும். அவள் முன்னால் நடக்கிறாள், நான் பின்னால் டிவிஎஸ்ஸில் உருட்டிக்கொண்டு போகிறேன். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கண் இருட்டி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் ரோட்டில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

"சுகர் இறங்கிடுச்சுப்பா. மாரத்தான் ஓடுறவங்க தெம்புக்கு பாக்கெட்ல வர்ற இனிப்பு ஜெல் சாப்புடுவாங்க. வாங்கலாம்."

ஜெல் என்றால் எனக்குத் தெரிந்தது தலைக்குத் தடவுவது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வந்த பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு சைஸில் இங்கிலீஷ். படிக்க முடியாத எதையும் பெத்த பொண்ணு வாயில் ஊற்ற முடியுமா?

அதனால் வாங்கிய மூன்று வகையையும் முதலில் நானே சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் காபி ஜெல். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பிழிந்து விழுங்கினேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு ரேஸ் பண்ணின வண்டி மாதிரி அடிக்க ஆரம்பித்தது. சரி, முடிஞ்சுது என்று மனைவி செல்வியைக் கூப்பிட்டேன். பாக்கெட்டை மெடிக்கலுக்கு எடுத்துக்கொண்டு ஓடினவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"காபில இருக்கிற அதே சமாச்சாரந்தான் இதுலயும் ஜாஸ்தியா கீதாம். ஓடுறவங்க துன்றத ஸ்டூல்ல குந்திகினு துன்னா நெஞ்சு அடிக்காம இன்னா பண்ணும்?"

சாக்லேட் ஜெல் அடுத்தது. கிரீஸ் மாதிரி கெட்டி. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அரை பாட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் இறங்கியது. வெயிலில் பிரியாவுக்கு அது சரிப்படவில்லை, மூணாவது கொண்டை ஊசி வளைவில் குமட்டிவிட்டது.

ஆரஞ்சு ஜெல் தண்ணியாக இருந்தது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் உப்பு. ரெண்டு மடக்குத் தண்ணீர் போதும். விரல் பிசுபிசுக்கும், அது ஒன்றுதான் குறை. ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று சாப்பிட்டு, பதினாறையும் நடந்து முடித்தாள். முடித்துவிட்டு என்னைத் திட்டவும் தெம்பிருந்தது!

செல்வி சும்மா இருப்பாளா? "ஒரு சொம்பு கேவுரு கூழு குடிச்சிட்டுப் போனா பத்தாதா?" என்றாள். அதையும் பார்த்தோம். நடுவழியிலிருந்து பிரியா அவளுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, வயித்துக்குள்ள தண்ணி லாரி போற மாதிரி தளும்புதும்மா. வூட்டுக்கு வந்து குடிக்கிறேன், ஆள வுடு."

ஆக, ஆரஞ்சுதான். மூன்று பாக்கெட் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனோம். காலை வேளை. பெண்கள் வரிசையாக நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் எல்லாம் சரியாக இருந்தால் பயமாயிற்றே... இதில் ஊக்கமருந்து ஏதாவது இருந்து, பாஸான பிறகு பிடித்துவிட்டால்?

நேராக ஆபீசரிடம் போனேன். "ஐயா, எம் பொண்ணு இதச் சாப்புடப் போவுது. தப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரியா வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு பத்தாது.

"தப்புன்னு எங்கயும் போடலங்க. ஆனா நீங்க கேட்டுட்டீங்களே! இப்ப நான் சரின்னு சொன்னா, நாளைக்கு ஏதாவதுன்னா என் தலையில விடியும். எதுக்கு வம்பு? வெளியவே வச்சிக்குங்க."

கேட்காத வரைக்கும் அது ஒரு மிட்டாய். கேட்ட நிமிஷத்திலிருந்து அது சந்தேகத்துக்குரிய பொருள். எந்த ஆபீஸிலும் 'தெரியலை' என்பதற்கு இன்னொரு பெயர் 'வேண்டாம்'தானே? நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"ஏம்ப்பா... உன்ன யாருனா கேட்டாங்களா?" என்றாள் பிரியா. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டாள். விசில் அடித்துவிட்டது.

மூன்று பாக்கெட்டும் என் சட்டைப் பையில். என் பெண் வெறும் தண்ணீர் பாட்டிலோடு ரோட்டில். மூணரை மணி நேரத்துக்கு மேல் தேர்வு மைதானத்து கேட்டுக்கும் எதிர் டீக்கடைக்கும் நான் நடந்ததைக் கணக்கெடுத்திருந்தால் எனக்கே வேலை கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே போனது. யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

நேரம் முடிய இருபது நிமிஷம் இருக்கையில் வந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்து, ஆனால் நிமிர்ந்த நடை. பாஸ்! நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். விரல் பிசுபிசுத்தது.

"ஜெல் ஏதும்மா?"

"பன்னெண்டாவது கிலோமீட்டர்ல தலை சுத்துச்சுப்பா. பக்கத்துல வெள்ளிமல ஊர்ப் பொண்ணு ஒண்ணு நடந்துகினு வந்துச்சு, பாக்கெட்டப் பிச்சு பாதிய எங்கிட்ட நீட்டுச்சு."

"அந்தப் பொண்ணை மட்டும் எப்படி உள்ள எடுத்துகினு போவ வுட்டாங்க?"

பிரியா ஷூ லேஸை அவிழ்த்தபடியே சொன்னாள்.

"அவங்கப்பா வாயத் தொறக்கலப்பா."