அணைந்த பலகையும் ஆறு மானிட்டர்களும்

எங்கள் கட்டுப்பாட்டு அறையின் குளிர்பெட்டிக்குள், வெற்றிக்கு முன்பே ஷாம்பெயின் வந்துவிடும். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. அளவெடுப்பு நாளைக்கு, பாட்டில் இன்றைக்கே. அதற்கு இடம் வேண்டுமென்று என் தயிர் டப்பாவை வெளியே எடுத்து, மேசைமேல் மிக மரியாதையாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அளந்து பார்த்தபின் கொண்டாடுவது ஏழை நாட்டவரின் பதற்றம் போலிருக்கிறது.

என் வேலையை என் ஊரான திருவொற்றியூரில் யாருக்கும் விளக்கி ஜெயித்ததில்லை. பூமிக்கடியில் பெரிய வளையக் குழாய். அதற்குள் புரோட்டான் கற்றை ஓடுகிறது. வழியெங்கும் உள்ள காந்தங்கள் அதை ஓரிடத்தில் விரித்து, ஓரிடத்தில் ஒடுக்கி, மோதுமிடத்தில் மயிரிழையைவிட மெல்லியதாக்குகின்றன. எங்கே எவ்வளவு தடிமன் என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் எல்லாம் பாழ். உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. ஆகவே கற்றையை லேசாகத் தட்டிவிட்டு, அது ஆடிக்கொண்டே ஓடுவதை வழிநெடுக இருக்கும் ‘மானிட்டர்’ என்கிற உணர்கருவிகளில் பதிவு செய்கிறோம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஷேர் ஆட்டோவுக்குள் ஆடும் தலைகளை வைத்தே பள்ளம் எங்கே என்று சொல்வது மாதிரி. இதற்கு முனைவர் பட்டம் தருகிறார்கள்.

எங்கள் குழுத் தலைவர் மார்செலுக்கு ஒரு வழக்கம். அவருடைய கணக்கோடு ஒத்துப்போகாத மானிட்டரைப் ‘பழுது’ என்று குறித்து நீக்கிவிடுவார். மிச்சமிருப்பவை கணக்கோடு அற்புதமாக ஒத்துப்போகும். இதற்குச் ‘சுத்தம் செய்தல்’ என்று பெயர். அன்று ஆறு மானிட்டர்கள் முரண்டு பிடித்தன. “அவற்றையும் சுத்தம் செய்துவிடுங்கள். முடிவை நான் அறிவிக்க வேண்டும்” என்றார். அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியவரும் இதே மார்செல்தான். எனக்கு முதுகெலும்பு உண்டு என்பதற்கு எக்ஸ்ரேயைத் தவிர வேறு சான்று கிடையாது. தலையாட்டினேன்.

மதியம் சாப்பிடும்போது எண்ணூரிலிருந்து பாஸ்கர் அழைத்தான். என் பள்ளித் தோழன், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வகுப்பில் இலக்கணத் தமிழ், என்னிடம் எங்கள் தமிழ். அவன் தெருமுனையில் காற்றின் மாசைக் காட்ட ஒரு மின்பலகை வைத்திருக்கிறார்கள். காற்றில் நெடி ஏறும்போதெல்லாம் அது அணைந்துவிடும்.

“இன்னா மாமு, போர்டு இன்னும் பேஜாருதானா?” என்றேன்.

“பேஜாரா? சோக்கா வேல செய்யுது நைனா. அது அணைஞ்சிச்சுன்னா என் பொண்டாட்டி ஓடிப்போய் ஜன்னல சாத்திடுவா. ஒரு வாட்டிகூட தப்பல.”

“கம்ப்ளெயின்ட் குட்த்தியா?”

“குட்த்தா ரிப்பேர் பண்ணிடுவானுங்கோ. அப்பால எந்நேரமும் பச்சையாவே எரிஞ்சுகினு இருக்கும். இப்ப கீறதும் பூடும்.”

சிரித்து முடித்தபின் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பிப் போய், கணக்கோடு ஒத்துப்போன அந்த அழகான வளைகோட்டைத் திரையில் மூடிவிட்டு, நீக்கப்பட்டவற்றை மட்டும் விரித்துப் பார்த்தேன். பழுது என்றால் வளையமெங்கும் சிதறியல்லவா இருக்க வேண்டும்? இவை ஆறும் ஒரே தெருவின் அடுத்தடுத்த வீடுகள். நடுவில் ஒரு காந்தம். அது பலவீனமாகியிருந்தால்? அதனால் கற்றையின் தடிமனில் கிளம்பிய அலையை மற்ற காந்தங்களைத் திருகி அடக்கிவிட்டு, அடங்காத இடத்து மானிட்டர்களின் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

மார்செலிடம் பாஸ்கரின் பலகையைச் சொல்லி விளக்க முயன்றேன். அவர் முகம் இளகியது. “உங்கள் நண்பரின் நுரையீரல் எப்படி இருக்கிறது? மனு ஏதாவது இருந்தால் கையெழுத்திடுகிறேன்” என்றார். தூரத்து அநீதி என்றால் இவர்களுக்கு உயிர். நான் திரையிலிருந்த அந்த ஒற்றைக் காந்தத்தைக் காட்டினேன். “இதன் வலுவை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். கற்றை ஆடும் அதிர்வெண் எவ்வளவு நகர்கிறதோ, அதுவே உண்மையைச் சொல்லிவிடும்.”

இளக்கம் போய்விட்டது. “தவறென்றால் அது உங்கள் தவறு. தெரியும்தானே?”

தெரியும் என்றேன். என் வாய்தான் சொன்னது, எனக்கே வியப்பு.

மாற்றினோம். நகர வேண்டிய அளவுக்கு அது நகரவில்லை. சுரங்கத்தைத் திறந்தார்கள், காந்தத்தின் சுருளில் மின்கசிவு. சரிசெய்து மறுபடி அளந்தபோது ஆறு மானிட்டர்களும் சாதுவாகக் கணக்கோடு உட்கார்ந்தன. ‘எங்கள் கவனமான சுத்திகரிப்பு முறையால் பிடிபட்ட பிழை’ என்று மார்செல் அறிவித்தார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதத்திலும் ‘தரவைச் சுத்தம் செய்வதில் வல்லவர்’ என்றே எழுதியிருந்தார். நான் மறுத்தேனா? நன்றி சொன்னேன். ஷாம்பெயினும் குடித்தேன், நாங்கள் வீணாக்குகிற ஜாதி இல்லை.

அந்தக் கடிதத்தோடு வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். கைரேகை இயந்திரத்தில் வலது கையை வைத்தேன், சிவப்பு. இடது கை, சிவப்பு. இரண்டையும் சேர்த்து வைத்தேன், சிவப்பு.

“உங்கள் விரல்கள் சரியில்லை” என்றாள் அலுவலகப் பெண்.

“இயந்திரம்?”

“அது சோதிக்கப்பட்டது.”

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது விம்கோ நகர் சிம் கடையிலும் இதே கதைதான். “வெரலு எடுக்கல அண்ணாத்த. வூட்ல வேற யார்னா கீறாங்களா?” என்றார் கடைக்காரர். என் மச்சான் பெயரில்தான் அந்த எண் இன்னும் ஓடுகிறது.

அந்தப் பெண் எதையோ யோசித்து, ‘ரேகை பதிவாகவில்லை’ என்ற கட்டத்தைத் தட்டினாள். இயந்திரம் உடனே பச்சையானது. “வாழ்த்துகள், அனுமதி கிடைத்துவிட்டது” என்றாள். நான் பத்து விரல்களையும் இன்னும் அந்தக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.