மலையில் இருந்த மூன்று நாட்கள்

வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த இலையுதிர்காலம் அது. அங்கே இருந்த என் தங்கை, தொலைபேசி கிடைக்கும் நாட்களில் மொன்றியலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எடுப்பாள். அவள் அழுவதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியாது.

அதிலிருந்து தப்பத்தான், ஒரு நீண்ட வார இறுதியில் மனைவி பிள்ளைகளோடு காஸ்பேசி மலைகளுக்குக் காரில் புறப்பட்டேன்.

"தங்கச்சி எடுத்தா என்னப்பா செய்யிறது?" என்றாள் மனைவி.

"மூண்டு நாள்தானே. பேந்து கதைக்கலாம்."

மலையில் செல்போன் வேலை செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. காடு முழுக்க மஞ்சளும் சிவப்பும். மரமில்லாத உச்சிகளில் முதல் பனி. கூடாரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி நிம்மதியாகத் தூங்கினேன்.

மொன்றியலில், லாசாலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியதும் ஆன்சரிங் மெஷினை அழுத்தினேன்.

"அண்ணை, வீட்டில நிக்கிறியளோ? நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ இருக்கிறம். மழை ஒழுகுது. சின்னவனுக்குக் காய்ச்சல். நாளைக்கும் எடுக்கிறன்."

மறுநாளும் எடுத்திருந்தாள். "அண்ணை, அண்ணை" என்று இரண்டு தரம் கூப்பிட்டதோடு அது நின்றுவிட்டது.

திருப்பி எடுக்க என்னிடம் இலக்கம் இல்லை. எட்டு மாதங்கள் அந்தக் குரலை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டேன்.

பிறகு ஒருநாள் அகதி முகாமிலிருந்து எடுத்தாள். பிள்ளைகளும் அவளும் உயிரோடு இருந்தார்கள்.

"அண்டைக்கு எங்க போனனீங்கள் அண்ணை?"

"வேலை" என்றேன்.

"ஓம், அங்க உங்களுக்கும் கஷ்டம்தானே" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அவள் கோபிக்க மாட்டாள். அதனால்தான் இன்றுவரை சொல்ல முடியவில்லை.