ஹஜ்ரத்தின் காராச்சேவு

எங்கள் மதரஸா விடுதியை நடத்திய ஹஜ்ரத்துக்கு மருதாணிச் சிவப்பில் தாடி. ஜிப்பாப் பையில் எப்போதும் சாத்தூர் காராச்சேவு இருக்கும். குர்ஆனை நன்றாக ஓதினால் ஒரு பிடி, திணறினால் இரண்டு பிடி.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒருநாள் காலை எல்லார் முன்னாலும் பாடம் மறந்து நின்றேன். அப்பாவோடு பட்டாசு கம்பெனிக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். சாயங்காலம் மஃரிப் தொழுததும் ஊருக்குப் புதுப்பட்டி பஸ்.

அன்று ஹஜ்ரத்தான் இமாமாக முன்னால் நின்று தொழ வைத்தார். ஓதியது நான் மறந்த அதே பாடம். ஒன்றுபோலவே வரும் இரண்டு வசனங்களில் மாறித் தாவி, அப்படியே நின்றுவிட்டார். இமாம் தடுமாறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. என் வாய் தானாக ஓதியது. அவர் தொடர்ந்தார்.

தொழுகை முடிந்ததும் திரும்பினார். "எடுத்துக் கொடுத்தது யாருலே?"

"நான்தான் ஹஜ்ரத்."

"நல்ல வேளைலே! நீ பாட்டுக்கு பஸ் ஏறியிருந்தா என் மானம்ல போயிருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பையிலிருந்த காராச்சேவு முழுவதையும் என் தொப்பியில் கொட்டினார். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

பஸ் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே மறந்தாரா? இன்று நான் தொழ வைக்கும்போது அதே இடத்தில் எனக்கும் நாக்கு புரள்கிறது, நிஜமாகவே. பின்னாலிருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால், தொழுகையை முடித்து சலாம் கொடுத்த கையோடு ஜிப்பாப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.