எல்லாருக்கும் எடுக்கிற ரவுட்டர்

வீட்டில் யார் யாருக்கு என்னென்ன கம்ப்யூட்டர் என்று கடைக்காரர் கேட்டார். அவள் மூன்று சொன்னாள். வந்த வினையெல்லாம் அந்த மூன்றில்தான்.

அவள் டைப்பிஸ்ட். நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிப் பதிவு செய்வதைக் காதில் வாங்கி, எழுத்தாக்கி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். "பெரிய பெரிய டாக்டரையெல்லாம் காலாலயே அடக்குறவ நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பெடலின் ஒயர் நுனியில் இருக்கிற பின் பழைய காலத்தது. அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் நுழையாது. ஸ்டோர் ரூமில், வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் அவள் இடம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டோடு எடுத்துக்கொண்ட வேலை. மகள் இப்போது கல்லூரியில். ஆனாலும் வீட்டில் அதற்குப் பெயர் 'அம்மா ஏதோ டைப் அடிக்கிறாங்க' என்பதுதான்.

பழைய ரவுட்டர் கொஞ்ச நாளாக மக்கர் பண்ணியது. பாதி போன ஃபைல் அப்படியே நிற்கும். இரண்டு முறை தாமதமானதும் மருத்துவமனைப் பொறுப்பாளர் பெண் ஃபோன் பண்ணினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டாங்க."

புது ரவுட்டர் வாங்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், வீட்டில் ஆளுக்கொரு நிபுணர் முளைத்தார்கள். "மீட்டிங்ல என் மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்கக் கூடாது" என்றார் கணவர். அவருடையது ஆபீஸ் கொடுத்த லேப்டாப். மகளுடையது கடித்த பழம் போட்டது. அவளுக்கு வேகம் வேண்டும், ரவுட்டர் வெள்ளையாகவும் இருக்க வேண்டும். கொழுந்தனுடையது பென்குயின் படம் ஒட்டியது, அதில் என்ன ஓடுகிறது என்று அவனுக்கே பாதி நாள் தெரியாது. "செக்யூரிட்டி லேட்டஸ்டா இருக்கணும் அண்ணி. அதுல மட்டும் காம்ப்ரமைஸ் கிடையாது."

இத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு கடைக்குப் போனவள், கடைக்காரர் கேட்டதும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். அவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று. தட்டு வைக்கும்போதுகூடத் தன்னைச் சேர்த்து எண்ணிப் பழகாதவள், கடையில் மட்டும் எண்ணிவிடுவாளா? எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பிழைப்பே போகப்போகிறது என்றுதானே தாயே கடைக்கு வந்தாய்!

கொழுந்தன் புது ரவுட்டரை ஹாலில், கணவரின் மேஜை மேல் பொருத்தினான். மூன்று கம்ப்யூட்டரும் சட்டென்று பிடித்துக்கொண்டன. ஆளாளுக்கு ஆகா ஓகோ. அவள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டாள். சுற்றியது, சுற்றியது, இணைய முடியவில்லை என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பதில். அன்றைய ஃபைல்கள் மருத்துவமனையில் காத்துக்கொண்டிருந்தன.

கொழுந்தன் வந்து எட்டிப் பார்த்தான். "உங்க மெஷினுக்கு இந்தப் புது செக்யூரிட்டிப் பூட்டெல்லாம் புரியாது அண்ணி."

"அப்போ பழைய பூட்டையே போடுப்பா."

"ஐயையோ, எல்லாருக்கும் ரிஸ்க்கு. பேசாம இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க."

"பெடலை எங்க சொருகுறது? உன் தலையிலயா?"

சரி, பென் டிரைவிலாவது ஃபைலை ஏற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். கணவரின் ஆபீஸ் லேப்டாப்பில் பென் டிரைவுக்கே தடை. மகளுடையதில் அது நுழைகிற ஓட்டையே இல்லை. கொழுந்தன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவசர மீட்டிங் என்று சைகை காட்டினான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைக்காரருக்கு ஃபோன் போட்டுப் பொரிந்து தள்ளினாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மூணு மெஷின்னுதானேம்மா சொன்னீங்க? இது யாரோடது?"

அவள் விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். "என்னோடதுங்க" என்றாள் கடைசியில்.

"முதல்லயே சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பேனே. இன்னைக்கு ஒப்பேத்தணும்னா கேபிள் போடுங்க. பெட்டிக்குள்ளயே ஒண்ணு இருக்கும்."

இருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஹாலைத் தாண்டி எங்கே வரும்? அவள் யாரையும் கூப்பிடவில்லை. மானிட்டரைத் தூக்கி வந்தாள், அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டியை, அப்புறம் பெடலை. கணவரின் லேப்டாப்பை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஏய், நான் எங்க உக்கார்றது?"

"எங்க வேணா உக்காருங்க. இந்த இடம் எனக்கு வேணும்."

கேபிளைச் சொருகியதும் ஃபைல்கள் வந்து விழுந்தன. அவள் பெடலில் காலை வைத்தாள், மூக்கடைத்த டாக்டர் ஒருவர் பேச ஆரம்பித்தார். ஜன்னலில் வெளிச்சம் மங்குவதற்குள் கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர் பெண்ணிடமிருந்து 'வந்துடுச்சுக்கா' என்று செய்தி வந்தது.

லேப்டாப்போடு ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்திருந்த கணவர் அதற்குள் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "என்ன ரூம் இது! காத்தும் இல்ல, காலை நீட்டவும் இடமில்ல. அந்த வாஷிங் மெஷின் வேற கடகடன்னு. அங்க எப்படி உக்காந்து வேலை பாக்குறது?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் பாக்கலையா?"