எடை கூடிய வாரம்

என் மகள் செல்விக்கு இருமல் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜவ்வாது மலையில் பனி இறங்கினால் எந்தப் பிள்ளைதான் இருமாது? ஒருநாள் காலையில் அவள் எச்சிலில் ரத்தத்தைப் பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் அவளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு படவேட்டுக்கு இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வேலூர் போனோம். அது எண்பத்தைந்தில்; இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. இதே நோயுள்ள பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கதீட்டர் (தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை செலுத்தும் மெல்லிய குழாய்) வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் சிரைகளில் (நல்ல ரத்தத்தை நுரையீரலிலிருந்து இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்கள்) இடப்பக்கத்து இரண்டும் சுருங்கியிருந்தன.

“பொழச்சிக்குவாளாங்க?” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொன்னார். கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்த நோய் முற்றினால் கஷ்டம். செல்வி இரண்டு வயதைத் தொட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் சுருங்கினால் கஷ்டம். இவளுக்கு ஒரு பக்கம்தான். ஆனால் நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. எடையும் மிகக் குறைவு.

“கொஞ்சம் சதை புடிச்சா ஆபரேஷனைத் தாங்குவா. ரொம்ப நாள் தள்ளவும் முடியாது, குழாய் இன்னும் சுருங்கிடும். மருந்தை விடாதீங்க. வாரா வாரம் எடை பாருங்கம்மா.”

அங்கேதான் சிக்கல். நான் பால்வாடி டீச்சர். எங்கள் ஊரில் புளியை நிறுப்பார்கள், சாமையை நிறுப்பார்கள். பிள்ளையை மட்டும் நிறுக்க விடமாட்டார்கள். நிறுத்தால் தேய்ந்துவிடும் என்று பயம். தராசை எடுத்துக்கொண்டு நான் வருவதைப் பார்த்தாலே பாதிப் பெண்கள் பிள்ளையோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான்.

“எம் பொண்ணு இன்னா புளி மூட்டையா, தொங்க வுட்றதுக்கு?”

“புளின்னா இந்நேரம் நல்லா எடை நின்னிருக்குமுங்க,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் செல்வியைத் துணித்தொட்டிலில் வைத்துத் தராசில் மாட்டும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டாரே தவிர, தடுக்கவில்லை.

பல வாரங்கள் முள் அசையவே இல்லை. கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த முட்டை என்று மாற்றி மாற்றி ஊட்டினேன். பாதியிலேயே மூச்சு வாங்க, வாயை மூடிக்கொள்வாள். பிறகு ஒரு வாரம் முள் நன்றாகவே ஏறியது. வீட்டுக்காரர் தாமே இன்னொரு முறை தூக்கி மாட்டிப் பார்த்தார். “ஏறிட்ச்சு!” என்று ஊரைக் கூட்டிவிட்டார். செல்வியின் கன்னம்கூட உப்பியிருந்தது. பிழைத்தோம் என்று நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் வேலூர் போனோம். டாக்டரம்மா செல்வியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்லம்மா, தண்ணி.”

நுரையீரலின் அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துவிட்டது. அதனால்தான் நீர் வீக்கம் (உடம்பில் நீர் தேங்குவது).

“அப்போ தராசு பொய்யாங்க?” என்றார் வீட்டுக்காரர்.

“தராசு சரிதாங்க. தண்ணியா சதையான்னு அதுக்குத் தெரியாது. இனி காத்திருக்க வேணாம்.”

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். உங்களுக்குச் சொல்வது இதுதான்: எடை திடீரென்று ஏறினால் காலை அழுத்திப் பாருங்கள், இமை வீங்கியிருக்கிறதா பாருங்கள். குழி விழுந்தால் அன்றே கிளம்புங்கள்.

மருந்து கொடுத்து நீரை இறக்கினார்கள். முள் பழைய இடத்துக்கே வந்தது. அந்த எடையிலேயே அறுவை செய்தார்கள். சிரையை அகலப்படுத்தினாலும் மறுபடி சுருங்கலாம், முதல் வருஷம்தான் கண்டம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே இரண்டில் ஒன்று மூடிக்கொண்டது. மற்றது திறந்தே நின்றது.

அந்த வருஷம் முழுக்க அவள் மூச்சை நான் என் மூச்சால் அளந்துகொண்டிருந்தேன். ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும் முன்பே என் கால் நின்றுவிடும்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் படவேட்டிலிருந்து மலை ஏறிவந்தோம். பாதி ஏற்றத்தில் என் கால் பழையபடி நின்றுவிட்டது. செல்வி வளைவைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“எம்மா, நான் நல்லாத்தான கீறேன். நீ இன்னாத்துக்கு நின்ன?”